கம்ப்யூட்டருக்குள் ஓர் ஒற்றன்

"அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஒற்றன் உக்காந்திருக்கான்" என்றான் அந்தோணிராஜ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்திருந்தான். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

"ஒற்றனா?" என்றார் ரத்தினசாமி.

"ஸ்பைவேர்னு சொல்லுவோம். வைரஸ் மாதிரி மெஷினைப் படுக்க வைக்காது. சத்தமில்லாம இருந்துக்கிட்டு, நீங்க என்ன டைப் அடிச்சாலும் ஒவ்வொரு எழுத்தா எடுத்து வெளிய எவனுக்கோ அனுப்பிக்கிட்டே இருக்கும். உங்க மெயில் பாஸ்வேர்டு அப்படித்தான் போயிருக்கு."

ரத்தினசாமி திரைப் பக்கம் குனிந்தார். மெயிலைத் திறக்க முடியாமல் இரண்டு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தார். பாஸ்வேர்டை எவனோ மாற்றிவிட்டான். சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் அனுப்பிய கலர், சைஸ் விவரமெல்லாம் அதற்குள்தான். அவருடைய பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேஜை சும்மா கிடந்தது.

"இது தானா வந்ததில்ல அண்ணாச்சி. ஓசியில கெடைக்குதேன்னு யாரோ டவுன்லோட் பண்ணிப் போட்டிருக்காவ. யாரு போட்டது?"

சமையலறை வாசலில் நின்ற மனைவி செல்லாத்தாளும் அவரைத்தான் பார்த்தாள்.

"வேற யாரு? இவதான்" என்று பக்கத்தில் நின்ற மகள் சண்முகப்பிரியாவைக் காட்டினார் ரத்தினசாமி. "காலேஜ் விட்டு வந்தா சாட்டிங்கே கதின்னு கெடக்கறா."

யோசித்துச் சொன்னதில்லை. கை தானாக நீண்டுவிட்டது.

ஏனென்றால் போட்டதே அவர்தான்.

போன தை மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இன்டர்நெட்டில் பழகினவனோடு போய்விட்டாள். அன்றைக்கே சண்முகப்பிரியாவின் காலேஜை நிறுத்திவிடுகிறேன் என்று குதித்தார் ரத்தினசாமி. செல்லாத்தாள் குறுக்கே நின்றாள்.

"நம்பித்தானுங்க புள்ளைய வளத்தறோம். படிப்பையும் நிறுத்த வேண்டாம், அவளை வேவு பாக்கறதும் வேண்டாம். முருகன் மேல சத்தியமாச் சொல்லுங்க."

சொன்னார்.

சொன்ன வாரத்திலேயே கம்ப்யூட்டரில் ஒரு விளம்பரம் துள்ளி வந்தது. உங்கள் பிள்ளை என்ன டைப் செய்கிறது என்று தெரிய வேண்டுமா? முற்றிலும் இலவசம்! அழுத்திவிட்டார்.

அதிலிருந்து, மகள் காலேஜ் பஸ் ஏறியதும் உட்கார்ந்து அவள் அடித்ததையெல்லாம் படிப்பார். பரீட்சை, பஸ், பரோட்டா. வேறொன்றும் கிடைக்கவில்லை. நடுநடுவே 'பிஆர்பி' என்று மட்டும் வந்தது. பி.ஆர்.பிரபாகரனா? பி.ஆர்.பாலாஜியா? எந்த ஊர்ப் பயல்? சோறு இறங்கவில்லை அவருக்கு. கடைசியில் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் பட்டும் படாமல் கேட்டார்.

"அது ஆளே இல்லீங்க சார். 'பி ரைட் பேக்'ங்கறதோட சுருக்கம். 'இதோ வந்தர்றேன்'னு அர்த்தம்ங்க" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

மகளுக்கு வைத்த காவல் தன் பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கும் என்று ரத்தினசாமிக்குக் கடைசிவரை தோன்றவில்லை.

"ஏங் கண்ணு, நீயா போட்டே?" செல்லாத்தாள் மகளைக் கேட்டாள்.

பிரியா ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். "ஆமாங்மா. ஏதோ பாட்டு எறக்கப் போயி, தெரியாம அழுத்திட்டேன்."

ரத்தினசாமிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"படிச்சு என்ன பிரயோசனம்? ஓசின்னா எதை வேணாலும் அழுத்தறதா? திருடனை ஊட்டுக்குள்ள கூட்டியாந்து உக்கார வெச்சிருக்கறயே!"

"உன்னையப் போயி நம்பினேன் பாரு" என்று மகளிடம் சொல்லிவிட்டுச் செல்லாத்தாள் உள்ளே போய்விட்டாள்.

அந்தோணிராஜ் ஒற்றனைத் தேடிப் பிடித்து அழித்தான். அவனோடு தொற்றிக்கொண்டு வந்த இன்னும் நாலைந்தையும் அழித்தான். ரகசியக் கேள்விக்கு ரத்தினசாமியிடம் பதில் கேட்டு அடித்து மெயிலை மீட்டுக் கொடுத்தான்.

"இனிமே முன்னப்பின்ன தெரியாத ப்ரோக்ராம் எதையும் போடாதிய. விண்டோஸ் அப்டேட் கேட்டா, வேண்டாம்னு தள்ளிவிடாதிய. ஸ்பைவேர் பிடிக்கிற ப்ரோக்ராம் ஒண்ணு வச்சிருக்கேன், வாராவாரம் ஓட விடுங்க. இப்ப மெஷின் சுத்தமாயிட்டு. எல்லா பாஸ்வேர்டையும் இப்பவே மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ரத்தினசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். புதுப் பாஸ்வேர்டு அடிக்கக் கையை வைத்ததும், பக்கத்தில் நின்ற பிரியா யாரும் சொல்லாமலே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"கண்ணு..." குரல் இறங்கியிருந்தது. "அதை யாரு போட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்ப்பா. தை மாசத்துல இருந்தே."

"எப்படி?"

"அதுக்கு முந்தியெல்லாம் எங்க போனே, யாரு கூடப் பேசினேன்னு நாளெல்லாம் கேட்டுட்டே இருப்பீங்க. திடீர்னு ஒரு நாள் கேக்கறதையே நிறுத்திட்டீங்களே. சந்தேகப்பட்டுத் தேடிப் பாத்தேன், கம்ப்யூட்டர்ல அது இருந்துச்சு."

ரத்தினசாமி உள்பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். அடுப்படியில் பாத்திரங்கள் கோபமாக உருண்டன.

"அப்புறம் எதுக்கு நீ போட்டேன்னு ஒத்துக்கிட்டே?"

"நீங்கன்னு தெரிஞ்சா, அம்மா அப்புறம் உங்களை நம்பவே மாட்டாங்கப்பா" என்றாள் பிரியா, ஜன்னலைப் பார்த்தபடியே. "எனக்கென்னங்ப்பா? ஊட்டுல ஏற்கெனவே ஒருத்தரு நம்பறதில்ல. கூட இன்னொருத்தரு."