கடைசி ஜோடி

"இன்னும் ஒரு ஜோடி கிடக்கு சார். அது போற வரைக்கும் நான் வால்வுல கை வைக்க மாட்டேன்."

மேஸ்திரி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் நகராட்சிப் பொறியாளர் போட்ட சத்தம் அப்படி.

"மத்தியானம் தண்ணி வரும்னு ஊருக்கே மெசேஜ் போயாச்சுய்யா! மேலேர்ந்து என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்க. நீ செருப்பைக் காட்டிக் கதை சொல்றே?"

"செருப்பு இருந்தா உள்ள ஆள் இருக்கான்னு அர்த்தம் சார்."

பொறியாளர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மேஸ்திரிக்கு அதெல்லாம் பழகிப்போன விஷயம்.

சாலைக்கு அடியில் பதித்திருக்கும் புதுக் குடிநீர்க் குழாய், ஒரு ஆள் தவழ்ந்து போகும் அகலம். ஜாயிண்டுகளை உள்ளே போய்த்தான் பூச வேண்டும். இறங்குகிறவன் செருப்பைக் குழியோரம் விட்டுவிட்டு இறங்குவான், ஏறியதும் முதல் வேலையாக அதை மாட்டிக்கொள்வான். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. இல்லாவிட்டால் குழாய் காலி. மேஸ்திரியின் ஆட்களுக்கு வேறு சட்டம் கிடையாது.

சும்மா வந்த சட்டமும் இல்லை. முன்பு வேறொரு வேலையில், "எல்லாரும் ஏறியாச்சு" என்று எவனோ சொன்னதை நம்பிக் குழாயை மூடினார்கள். உள்ளே இருந்தது மேஸ்திரியின் சொந்தத் தம்பி. அன்றிலிருந்து அவர் யார் வாயையும் நம்புவதில்லை. செருப்பை மட்டும்தான் நம்புவார்.

இப்போது குழியோரம் கிடந்தது நெட்டையனின் ஜோடி. வார் அறுந்து, ஊக்கு குத்தி ஒப்பேற்றிய செருப்பு. கோடியில் இருக்கும் கடைசி ஜாயிண்டைப் பூச அவன் போயிருந்தான்.

"ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்துட்டு உனக்குக் குழாய்க்குள்ள என்னடா வேலை?" என்று காலையில்கூட மேஸ்திரி அவனைச் சீண்டினார்.

"மெதுவாண்ணே! மேல நின்னு கயிறு பிடிக்கிற வேலைன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். உள்ள எறங்குறேன்னு தெரிஞ்சா அவளுக்குச் சோறு தண்ணி எறங்காது. நீங்களும் காட்டிக் கொடுத்துடாதீங்க."

"எனக்கெதுக்குடா உங்க குடும்ப வம்பு?" என்று மேஸ்திரி சிரித்தார்.

தெருமுனையில் கூச்சல் கிளம்பியது. வால்வுத் தொட்டியைச் சுற்றி, காலிக் குடங்களோடு பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு வாரமாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத எரிச்சல். மற்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு மேஸ்திரி ஓடினார்.

"மெசேஜ்ல மத்தியானம்னு போட்டிருக்கு. மணி என்ன ஆச்சு?"

"தொறக்கத்தானே போறோம்? கொஞ்சம் பொறுங்கம்மா."

"பச்சக் குழந்தைய வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கய்யா பொறுக்கிறது?"

அவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வருவதற்குள் அவருக்கு நாக்கு வறண்டுவிட்டது. நடுவில் பொறியாளர் வேறு இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டினார்.

திரும்பி வந்து பார்த்தால், குழியோரம் காலியாக இருந்தது.

மேஸ்திரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. குழிக்குள் தலையை விட்டு, "டேய், நெட்டையா!" என்று குரல் கொடுத்தார். அவர் குரலே கரகரத்துத் திரும்பி வந்தது. கோடிக்குக் குரல் எட்டாதுதான். ஆனால் செருப்புதான் போய்விட்டதே.

"நெட்டையன் எங்கய்யா?" என்று லாரி டிரைவரிடம் கேட்டார்.

ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்த டிரைவர் கண்ணைக் கசக்கினார். "சாப்பிடப் போயிருப்பான். அவனாவது பசி தாங்குறதாவது!"

மூடியை வைத்து ஆட்கள் போல்ட்டை முறுக்கினார்கள். மேஸ்திரி தம் கையாலேயே வால்வைத் திறந்தார். காலடியில் குழாய் உறுமியது. வெகுநேரம் உறுமிக்கொண்டே இருந்தது. குழாய் நிரம்பிய பிறகுதானே வீடுகளுக்கு ஏறும்?

கடைசியில் தெருக்குழாய் இருமித் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. பெண்கள் முண்டியடித்தார்கள். சற்றுமுன் மேஸ்திரியைக் கரித்துக் கொட்டியவளே, "நல்லா இருப்பீங்கய்யா" என்றாள்.

போன் அடித்தது. பொறியாளர் குரலில் தேன் ஒழுகியது. "வேலை முடிஞ்சுது, தண்ணி விட்டாச்சுன்னு ஊருக்கு மெசேஜ் அனுப்பிட்டேன். ஒரு ஜோடி செருப்புக்காக என்னை இத்தனை நேரம் தவிக்க விட்டுட்டியேய்யா!"

"லேட்டானா திட்டோட போயிடும் சார்" என்றார் மேஸ்திரி. நெஞ்சு நிறைந்திருந்தது. தம்பி இருந்தால் இன்று சந்தோஷப்பட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணே!"

நெட்டையனின் மனைவி. பக்கத்துத் தெருவில் தையல் கடையில் வேலை பார்ப்பவள். கையில் ஒரு துணிப்பை.

"வாம்மா. உன் வீட்டுக்காரன் இன்னிக்கு நல்லா வேலை செஞ்சான்" என்ற மேஸ்திரி, அவன் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்து, "மேல நின்னு கயிறு பிடிச்சான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"தெரியும்ண்ணே, மேல வேலைன்னுதான் சொன்னாரு" என்று சிரித்தபடியே அவள் பைக்குள் கையை விட்டாள். "அப்பவே வந்தேன். நீங்க முனையில சண்டையில இருந்தீங்க, அவரையும் காணோம். டீ குடிக்கப் போயிருப்பாருன்னு இதை மட்டும் எடுத்துட்டுப் போய்த் தெச்சு வாங்கிட்டு வந்தேன். எத்தனை நாளைக்குத்தான் ஊக்கு குத்திக்கிட்டே நடப்பாரு?"

புதுத் தையல் போட்ட செருப்பு ஜோடியைக் குழிமூடியின் பக்கத்தில் பார்த்து வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"அவரு எங்கண்ணே?"