நான்காவது ஓட்டை

"மறுபடி எடுத்துட்டான் சாமி!"

ஷீஜா மவுஸை மேசையில் தட்டினாள். ஒரு நிமிடம் முன்புவரை திரையில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் போட்டோ இப்போது இல்லை. கீழே இருந்த செல் நம்பரும் இல்லை. 'மகளைக் காணவில்லை. பெயர் அஞ்சனா, வயது இருபது' என்ற வரி மட்டும் மிச்சம்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த வைத்தீஸ்வரன் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நரைத்த தலை, நாலைந்து நாள் தாடி. "நாலு மாசமா இதே கூத்துதான் ஷீஜா. நான் போடறேன், எவனோ எடுக்கறான். பொண்ணைத் தொலைச்சுட்டு நிக்கறவன் மேல எவனுக்கு என்ன விரோதம், சொல்லு?"

பிளாக் என்கிற வலைப்பூவில் ஏதாவது கோளாறு என்றால் 2006-ல் மட்டாஞ்சேரிக்காரர்கள் வருவது கொச்சங்காடி சந்தில் இருந்த ஷீஜாவின் நெட் கஃபேக்குத்தான். அவளும் காலையிலிருந்து முட்டி மோதிக்கொண்டிருந்தாள்.

"இதை யாரு போட்டுத் தந்தது?"

"பாலக்காட்டுல ஒருத்தன். பேப்பர்ல போட்டா ஒரு நாள். இதுன்னா என்னைக்கும் இருக்கும்னான்."

"அவன் போட்ட லட்சணம்! பாஸ்வேர்டு வெறும் அட்மின். வீட்டைப் பூட்டிட்டு சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போயிருக்கான்."

பாஸ்வேர்டை மாற்றினாள். ஒரு வருடப் பழைய பிளாக் சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுப் புதியதை ஏற்றினாள். கமெண்ட் பெட்டியில் எவன் என்ன புரோகிராம் எழுதிப் போட்டாலும் பிளாக் அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தது. அதையும் அடைத்தாள்.

"போட்டோ கொடுங்க. தெளிவா ஸ்கேன் பண்ணிப் போடறேன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பட்டுப்புடவை, கழுத்தில் கனமான மாலை. ஒரு ஓரம் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது.

"வேற போட்டோ இல்லையா?"

"இதுலதான் முகம் நன்னா தெரியும்."

ஏற்றினாள். இரண்டு நிமிடம். போட்டோ காணோம்.

"படுபாவி, உள்ளேயே உக்காந்திருக்கான்! உனக்கு வேற வேலையே இல்லையாடா?" ஷீஜா திரையைப் பார்த்துத் திட்டினாள். வைத்தீஸ்வரன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

ஃபைல்களை ஒவ்வொன்றாகத் துழாவியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"கிடைச்சுருச்சு சாமி! இது பிளாக்கை முதல்ல இன்ஸ்டால் பண்றப்ப ஓடற பக்கம். வேலை முடிஞ்சதும் அழிச்சிரணும். உங்க ஆளு அழிக்கலை. இதைத் திறந்தா யாரு வேணும்னாலும் புதுசா அட்மின் ஆகி உள்ள வந்துரலாம்."

அழித்தாள். பட்டியலில் ஒளிந்திருந்த இரண்டு கள்ள அட்மின்களையும் தூக்கினாள். போட்டோவை ஏற்றினாள். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம். போட்டோ அசையவில்லை.

வைத்தீஸ்வரன் எழுந்து நின்று கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. "நீ செஞ்ச உபகாரத்தை மறக்கமாட்டேன்."

"உங்க செல்லுல சார்ஜே நிக்கறதில்லை. கஃபே நம்பரையும் சேர்த்துப் போடறேன்" என்றாள் ஷீஜா.

மூன்று மணிக்கு அந்த நம்பர்தான் அடித்தது. இடப்பள்ளியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வார்டன். "நெட்டுல இருக்கற அந்தக் குட்டி இங்கதான் இருக்கு. வேற பேர்ல. இப்பதான் ஆபீஸ்லேர்ந்து பாதியில ஓடி வந்து பெட்டி கட்டிட்டிருக்கு."

"அய்யோ சேச்சி, நாங்க வர்ற வரைக்கும் அவளை வெளியே விட்டுராதீங்க!" ஷீஜா கத்தினாள். விலாசத்தை எழுதி நீட்டினாள். அதுவரை அங்கேயே காத்திருந்த வைத்தீஸ்வரன் செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் காரை நோக்கி ஓடினார்.

ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் ஷீஜா சாயா வரவழைத்துக் குடித்தாள். நாலு மணிக்கு மறுபடி போன்.

"சேச்சி..." கிசுகிசுப்பான பெண் குரல். "அந்த போட்டோவை எடுத்துடுங்கோ, ப்ளீஸ்."

"அஞ்சனாவா? மோளே! பயப்படாதே, அச்சன் புறப்பட்டு ஒரு மணிக்கூராச்சு. இப்ப வந்துருவாரு!"



"வார்டன் கேட்டைப் பூட்டிட்டா. யாரோ போன்ல சொன்னாளாம், விடாதேன்னு."

"நான்தான் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான் மோளே."

"உள்ளே வந்து வந்து அழிச்சது நான்தான் சேச்சி. நான் படிச்ச கம்ப்யூட்டர் அதுக்காவது உதவித்து. இன்னிக்கு மத்தியானம் எந்தப் பக்கமும் திறக்கலை. அதான் பெட்டியை எடுத்துண்டு ஓடிடலாம்னு வந்தேன்."

"எதுக்கு மோளே? எதுக்கு அழிச்சே?"

"போன தடவை திருச்சூர்ல கண்டுபிடிச்சார். இடது கையை இன்னும் என்னால நீட்ட முடியாது."

"தெய்வமே! பெத்த அப்பனா இப்படி?"

அந்தப் பக்கம் கார் ஹாரன் இரண்டு முறை அலறியது. கேட்டின் சங்கிலியை யாரோ அவிழ்க்கும் சத்தம்.

"பெத்தவர் இல்லை சேச்சி. தாலி கட்டினவர்."