எந்த ஒயரைக் கழட்டினீங்க?

"எந்த ஒயரைக் கழட்டினீங்க, சென்னகிருஷ்ணன்? சொல்லிப்போடுங்க."

"நானே சொல்லிட்டா அப்புறம் உங்க கம்ப்யூட்டர் எதுக்குங்க?"

"குசும்புக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லைங்க."

கோவையில் ஒரு கல்லூரி லேபில் காலையிலிருந்தே இந்தச் சண்டை. மேசை மேல் விமான இறக்கை மாடல் ஒன்று மோட்டாரில் அசைந்துகொண்டிருந்தது. டெக்னீஷியன் சென்னகிருஷ்ணன் அதில் ரகசியமாக ஒரு கோளாறு செய்து வைப்பான். அது எது என்று ஆராய்ச்சி மாணவி வத்சலாவின் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வருடமாக இருவருக்கும் இதுதான் வேலை. இன்று கடைசிச் சோதனை. இது முடிந்தால் நாளைக்கே அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவாள்.

ஏழாவது முறையும் கம்ப்யூட்டர் 'கோளாறு இல்லை' என்றது.

வத்சலா கீபோர்டைத் தள்ளி வைத்தாள். "என் புரோகிராம்தானுங்க தப்பு. மூணு வருசமும் வீணாப்போச்சு. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிப்போட்டு இன்னும் ஒரு மாசம் இருந்து பார்க்கறேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான். ஆனால் அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் சொன்னது சரிதான். இன்று அவன் எந்த ஒயரையும் தொடவே இல்லை.

சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் தன் உழைப்பே தப்பென்று நினைத்துக்கொண்டு இருப்பாள். அவன் என்ன செய்யட்டும்? வாசகர்களே, ஒரு தபால் கார்டு போட்டுச் சொல்லுங்கள்.