அக்கம்பக்கத்தில் விசாரித்து

“மணி மூணு. வெயில் இன்னும் இறங்கல. இந்நேரத்துக்கா வீடு பாக்க வருவாங்க?”

டெய்லரம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை, மெஷினிடம் சொன்னாள்.

பக்கத்து வீட்டு வாசலில் தரகரின் பைக்கும் ஒரு சின்னக் காரும் நின்றன. உள்ளே ஒரு கணவனும் மனைவியும் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் காதிலேயே தெரிந்தது. சாவியால் சுவரைத் தட்டினார்கள். ஃபிளஷ்ஷை இழுத்துப் பார்த்தார்கள். ஜன்னல்களைத் திறந்து மூடினார்கள்.

“காத்து பிச்சுக்கிட்டு வரும் சார்,” என்றார் தரகர்.

“பெயின்ட்டும்தான் பிச்சுக்கிட்டு வருது,” என்றான் கணவன்.

சமையலறைக் குழாயைத் திறந்தார்கள். மூடவில்லை.

அது போஸ்டாபீஸ் அக்காவின் வீடு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனியாக இருப்பவள். தினமும் சாயங்காலம் டெய்லரம்மாவின் முன்னறைக்கு வந்து, சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டே தெருவிலுள்ள அத்தனை பேரையும் பிரித்து மேய்வாள். கூலி கிடையாது. டெய்லரம்மாவுக்கும் பேச்சுத் துணைக்கு வேறு ஆள் கிடையாது.

இப்போது மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். அவன் இருப்பது வெகு தூரத்தில். “வீடு வித்ததும் வந்துடறேம்பா” என்று அக்கா போனில் சொல்வது சுவர் தாண்டிக் கேட்கும். வீடு விற்றால் அக்கா போய்விடுவாள்.

வாங்க வருகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ஒரு பக்கம் காலி மனை. மறுபக்கம் டெய்லரம்மா.

முதலில் வந்த பேங்க்காரரிடம், மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்றாள். அடுத்து வந்தவரிடம், போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்றாள். மூன்றாவதாக வந்தவரிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. உச்சுக் கொட்டி, “வேற வீடே கிடைக்கலையா?” என்று மட்டும் கேட்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

பொய் அவளுக்குப் புதிதல்ல. ‘செவ்வாய்க்கிழமை கட்டாயம் தந்துடறேன்’ என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறவள்தான்.

ஆனால் போன வாரம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கூப்பிட்டிருக்கிறாள். அந்நேரம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோமே என்று சாயங்காலம் போய்ப் பார்த்தபோதுதான் டெய்லரம்மாவுக்குத் தெரிந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்தபடி அக்கா, “வந்துட்டியா? செவ்வாய்க்கிழமைதான் வருவேன்னு நினைச்சேன்” என்றாள்.

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா மகனுடைய வீட்டில் இருந்திருந்தால் ஒரு குரலுக்கு ஆள் வந்திருக்கும். அங்கே போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது யார்? அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை.

“அக்கா, ஒரு நிமிஷம்.” அந்தக் கணவனும் மனைவியும் டெய்லரம்மாவின் வாசலில் நின்றார்கள். “பக்கத்து வீட்டைப் பாக்க வந்தோம்.”

“தெரியுது. சமையக்கட்டுக் குழாயை மூடலை நீங்க.”

மனைவி அவனை முறைத்தாள். “ஒரு குழாயை மூடத் தெரியல. நீங்க வீடு வாங்கிக் கிழிச்ச மாதிரிதான்.”

அவன் ஓடினான். அவள் முன்னறைக்குள் வந்து குரலைத் தணித்தாள்.

“தரகர் சொல்றதைக் கேட்டா அரண்மனைன்னு நினைக்கணும். நீங்க சொல்லுங்கக்கா. சுவத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கே, மழைக்கு ஊறுதா?”

டெய்லரம்மாவின் நாக்கு நுனியில் முழங்கால் தண்ணீர் தயாராக நின்றது.

“அது வயசும்மா. ஈரம் இல்ல,” என்றாள். “எவ்வளவு மழைன்னாலும் ஒரு சொட்டு ஒழுகாது. தண்ணி கல்கண்டு. பயமில்லாத தெரு.”

“அப்புறம் ஏன் இத்தனை நாளா விக்கல?”

“வந்தவங்களுக்குக் குடுத்து வைக்கல.”

“அந்தம்மா நல்ல மாதிரியா?”

டெய்லரம்மா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். ஊசியின் காது கண்ணில் படவில்லை.

“அவங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல கிடைக்க மாட்டாங்க,” என்றாள். “ஆனா வீட்டோட சேத்து அவங்களைத் தர மாட்டாங்களே.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள்.

கார் கிளம்ப வெகு நேரமாயிற்று. அதன் பிறகு அக்கா வந்தாள். காலைத் தாங்கித் தாங்கி நடந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். தைக்க எதையும் எடுக்கவில்லை.

“பேசி முடிச்சாச்சு. சொன்ன விலைக்கே எடுத்துக்கறாங்களாம்.”

“நல்லதாப் போச்சுக்கா.” டெய்லரம்மா மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பேரப்பிள்ளைங்களோட இருக்கலாம். கூப்பிட்டா ஓடி வர ஆள் இருக்கும்.”

“அந்தப் பொண்ணுகிட்ட என்னடி சொன்னே?”

“உள்ளதைத்தான் சொன்னேன்.”

“உள்ளதையா?”

அக்கா வாசலைப் பார்த்தாள்.

“பெத்த பிள்ளை கூப்பிடறான். வர மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அதான், வீடு வித்தா வரேன்னு சொல்லி வெச்சேன். முழங்கால் தண்ணி, உப்புத் தண்ணின்னு நீ அளந்து விட்டதையெல்லாம் தரகர் அன்னைக்கே எங்கிட்ட வந்து புலம்பிட்டுத்தான் போனார். அது தெரிஞ்சதுக்கப்புறம்தான், வர்றவங்களை எல்லாம் ‘பக்கத்து வீட்ல கேட்டுக்கோங்க’ன்னு நானே உங்கிட்ட அனுப்பினேன். இன்னைக்கு மட்டும் ஏண்டி உண்மையைச் சொன்னே?”