வெண்ணெய் கடையும் நேரம்

"ஃபின்டனை எங்கிட்ட ஒப்படைச்சிடுங்கம்மா. நேரமாக ஆக அவர் உயிருக்குத்தான் ஆபத்து."

"இந்த வீட்டுல எல்லாரையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்" என்று சிலுவை போட்டுக்கொண்டே உள்ளே வந்தவன், இப்போது தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றான். பெயர் மலாக்கி. பக்கத்து கெர்ரி மாவட்டம், பத்துப் பசு வைத்திருக்கும் குடும்பம், அயர்லாந்து விடுதலைப் படையில் இரண்டு வருடம் என்று மளமளவென்று சொல்லி முடித்திருந்தான்.

வீட்டுக்காரி ஹனோரா அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. கணப்புக்கு முன்னால் நின்று, இடுப்புயர மரத்தாழியில் மத்தை மேலும் கீழும் குத்தி வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு குத்துக்கும் அவளுடைய ஏப்ரன் பையில் ஏதோ கனமாக ஆடியது. சாவிக்கொத்தாக இருக்கும்.

ஓரமாக நின்ற நர்ஸ் எய்லிஷுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மூன்று நாள் முன்பு அவள் டப்ளினிலிருந்து வந்து இறங்கியபோதும் இந்த அம்மாள் இதே இடத்தில் கடைந்துகொண்டுதான் இருந்தாள். வா என்று ஒரு வார்த்தை இல்லை. ஃபின்டனுக்கு மருந்து கலக்கினால் முதல் கரண்டியைத் தானே வாங்கிக் குடிப்பாள். இவர்கள் மருந்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று எய்லிஷ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

ஃபின்டன் பரணில் கிடந்தான். கூலீன் பாலத்துச் சண்டையில் முப்பதே ஆட்களை வைத்துக்கொண்டு ஆங்கிலேயப் பட்டாளத்தை ஓட ஓட விரட்டியவன். அவனைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று மாவட்டம் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இப்போது தொடையில் குண்டு, உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் தாங்க மாட்டான், எங்கேயாவது கொண்டுபோக வேண்டும் என்று எய்லிஷ் தொண்டை வற்றச் சொல்லியும் ஹனோரா அசையவில்லை.

"யார் அனுப்பினது உன்னை?" என்றாள் ஹனோரா.

"எங்க தளபதிதாம்மா. கார்க் நகரத்துல சர்ஜன் தயாரா இருக்கார். நாற்சந்தியில மோட்டார் நிக்குது."

"கூலீன் பாலத்துல முதல்ல சுட்டது யாரு?"

"ஃபின்டன்தான். அவர் சுட்ட பிறகுதான் மத்தவங்க சுடணும்னு உத்தரவு. நம்ம பக்கம் செத்தது ரெண்டு பேர். ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்க."

அத்தனையும் சரி. அப்பாடா, ஃபின்டன் பிழைத்தான் என்று எய்லிஷுக்கு மூச்சு வந்தது.

"என்னம்மா, வெண்ணெய் இன்னும் திரளலையா?" என்று சிரித்துக்கொண்டே மலாக்கி தாழியைச் சுற்றிக்கொண்டு போய்க் கணப்பில் கையைக் காட்டினான்.

மத்து நின்றது.

"நீ ஒரு நாள் பிந்திட்டே தம்பி. நேத்தே அவனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மலைக்கு அந்தப் பக்கம் ஆட்டுக் கொட்டகையில இருக்கான்."

எய்லிஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரணில்தானே இருக்கிறான் என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால், வெளியாள் வந்தால் இந்த வீட்டில் ஹனோராதான் பேச வேண்டும் என்று ஃபின்டன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

"நிஜமாங்க?" என்று மலாக்கி எய்லிஷைப் பார்த்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அவன் விறுவிறுவென்று வெளியேறினான்.

"நீங்கள்லாம் ஒரு மனுஷியா?" எய்லிஷ் வெடித்தாள். "காப்பாத்த வந்த ஒரே ஆளையும் விரட்டிட்டீங்களே! அவர் செத்தா அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது!"

"கத்தாதே. ஜன்னல்ல பாரு."

நாற்சந்தியில் மலாக்கி விசிலடித்தான். மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்தவை மூன்று பட்டாள லாரிகள். அவனை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் திரும்பின.

எய்லிஷ் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாத்தையும் நல்லாத்தான் பாடம் பண்ணிட்டு வந்தான். ஆனா இந்தப் பக்கத்துல வெண்ணெய் கடையற வீட்டுக்குள்ள யார் வந்தாலும், பங்குச் சாமியாரே வந்தாலும், மத்தை வாங்கி நாலு குத்து குத்திட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாங்க. இல்லேன்னா வீட்டு அதிர்ஷ்டத்தைத் தட்டிட்டுப் போறான்னு அர்த்தம். பத்துப் பசு வீட்டுப் பிள்ளையாம், தாழியைச் சுத்திக்கிட்டுப் போறான்!"

பின்கதவைத் திறந்து, வைக்கோல் வண்டியைப் பூட்டச் சொல்லி மகன்களுக்குக் குரல் கொடுத்தாள்.

"அவனுங்க மலையைச் சுத்தி வர ரெண்டு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள நம்ம டாக்டர் வீட்டுல ஃபின்டனைச் சேர்த்துடலாம். ஆபரேஷனும் அவரே பண்ணுவார். நீயும் கூடப் போ. அவன் கேட்டப்ப தலையாட்டினே பாரு, அப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

"டாக்டரா? இங்கேயா? அப்ப மூணு நாளா ஏன் கொண்டுபோகலை? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

ஹனோரா ஏப்ரன் பையிலிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்தாள். அதிலிருந்த இரண்டே இரண்டு தோட்டாக்களையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இன்னிக்கு வந்தவனுக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன்."

"இன்னொண்ணு?"

"வந்த அன்னிக்கு நீயுந்தானே மத்தைத் தொடலை, மகளே!"