வழவழப்பான பக்கம்

"நாய் உள்ள வராம இருக்கத்தாம்ப்பா இந்த வேலி" என்றான் மகன். தந்தையின் முகத்தை ஏறிட்டுப் பாராமல், வினைல் பிளாஸ்டிக் சட்டத்தைக் கம்பத்தின் துளைக்குள் செருகுவதிலேயே கண்ணாயிருந்தான்.

"அதைத்தான் காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருக்கியே! நான் இப்ப வேலி எதுக்குன்னா கேட்டேன்? ஸ்குரு டிரைவர் வேணுமான்னுதானேடா கேட்டேன்!"

மகன் கையை நீட்டி அதனை வாங்கிக்கொண்டான்.

பேருந்து நடத்துநராக ஊழியம் பார்த்து ஓய்வு பெற்றவர் தந்தை. இடப்பாதத்தில் கட்டுப் போட்டிருந்தமையால் முக்காலியில் அமர்ந்திருந்தார். மகன் ஒவ்வொரு பட்டையையும் சட்டத்தோடு பொருத்தித் திருகி முடித்ததும், "போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலின் உற்சாகம் மகனை முள்ளாய்க் குத்தியது.

வேலை தெரிந்தவர்களைக் கொண்டு வேலி போடலாம் என்றுதான் அவன் முதலில் எண்ணினான். மனைவி தடுத்துவிட்டாள். "ஆளைக் கூப்பிட்டா எதுக்கு, ஏன்னு கேப்பாங்க. அது பக்கத்து வீட்டுக் காதுக்கும் போகும். நீங்களே போட்டுடுங்க."

ஆகவே, கைப்பழக்கம் இல்லாத அவனே குழி தோண்டினான். கம்பங்களை ஊன்றிக் கான்கிரீட் இட்டு இறுகவிட்டான். கொல்லையைச் சுற்றி ஆளுயரத்துக்கு வெள்ளை வேலி எழும்பிவிட்டது. எஞ்சியவை சில பட்டைகளும், சந்துப் பக்கத்துச் சிறு கதவும், அதற்கொரு தாழ்ப்பாளுமே.

கதவு மாட்டாத அந்த இடைவெளியில், கழுத்தில் அளவு நாடா தொங்க, அடுத்த வீட்டுத் தையற்கார அம்மாள் வந்து நின்றார்.

"வேலி எங்க சோம்பேறிக்காகவாமே தம்பி? உங்க வீட்டுல சொன்னாங்க."

சோம்பேறி என்பது அவர் வளர்த்த நாயின் பெயர். தன்மேல் சுமத்தப்பட்ட பழியை அறியாத அப்பிராணி, அப்பொழுதும் சந்தின் நடுவே கால்களைப் பரப்பிக்கொண்டு உறங்கிற்று.

"ரோஜாச் செடியையெல்லாம் பறிச்சுப் போட்டுடுதுக்கா..." மகனின் குரல் உள்ளே போயிற்று.

"அதுவா? சோத்துத் தட்டையே மூக்குக்கிட்ட நகர்த்தி வெச்சாத்தான் திங்கும். அது உங்க வீட்டுக்கு வந்து தோட்ட வேலை பாக்குதாக்கும்!" என்று சிரிக்க முயன்றார் அவர், சிரிப்பு வரவில்லை. "போகட்டும். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டிப் போட்டிருப்பேனே தம்பி."

மகன் கூனிக் குறுகினான். வாயில்லாப் பிராணியின் தலையில் பழியைக் கட்டியாயிற்று. இனி அதனை இறக்கி வைக்கவும் வழியில்லை.

திரும்பப் போனவர், வேலியின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து நின்றார். "என்ன தம்பி, மாத்திப் போட்டுட்டீங்களே! வழவழப்பெல்லாம் உள்பக்கம் இருக்கு, சட்டமெல்லாம் வெளிப்பக்கம் இருக்கு. வர்ற நாய்க்கு ஏணி வெச்ச மாதிரியில்ல ஆயிடுச்சு!"

"கவனிக்கலக்கா. புதுசாச் செய்யிற வேலை" என்றவன், வியர்வையைத் துடைப்பவன்போல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"சொந்தக் கையால செஞ்சா அப்படித்தான். நான் முதல்ல தெச்ச சட்டைக்குப் பையை முதுகுல வெச்சேன்" என்று அவனைத் தேற்றிவிட்டு, நாயைத் தட்டி எழுப்பினார் அவர். "வாடா, நமக்கு இங்க மரியாதை இல்ல."

தந்தை முக்காலியை விட்டு எழுந்தார். வேலியை நெருங்கி, அதன் உள்பக்கத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார்.

அதன்பின் மகன் திருகிய பட்டைகளுக்கு "ரைட்" சொல்லும் குரல் எழவேயில்லை.

கதவையும் மாட்டியாயிற்று. மகன் தாழ்ப்பாளைக் கையில் எடுத்தான். வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தான். தந்தையின் கண்கள் தன்மேல் இருப்பதை உணர்ந்ததும், அவசர அவசரமாய் உள்பக்கத்துக்கு மாற்றிப் பென்சிலால் குறியிட்டான். கோடு கோணிற்று.

"வெயில்ல நிக்காதீங்கப்பா. உள்ள போங்க, இதோ முடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் போகவில்லை. காலை ஊன்றி ஊன்றி நடந்து வந்து, அவன் கையிலிருந்த தாழ்ப்பாளை வாங்கினார். கதவைத் திறந்து சந்துக்கு இறங்கி, அதனை வெளிப்பக்கத்தில் பொருத்திப் பிடித்துக்கொண்டார்.

"இங்க போடுடா. உள்ள இருந்தா, ரிட்டயரானதே மறந்துபோயி, முதல் வண்டிக்கு நேரமாச்சுன்னு நான் மறுபடியும் கிளம்பிடுவேன்."