பேய் வராத காட்சி

மூன்றாம் முறையாகப் பேய் வந்தது. மூன்றாம் முறையும் அரங்கு சிரித்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. இருக்கையில் பக்கவாட்டில் திரும்பி, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டில் அங்கங்கே செல்போன் வெளிச்சம். அலுத்துப்போனவர்களின் முகங்கள் மட்டும் நீலமாக மிதந்தன.

தியேட்டர் வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்தியிருந்தார்கள். பயத்தில் மயங்குபவர்களைத் தூக்கிப்போக என்று விளம்பரம். இதயம் பலவீனமானவர்கள் வர வேண்டாம் என்று சுவருக்குச் சுவர் எச்சரிக்கை. படம் வருவதற்கு முன்பே ஊர் பயந்து முடித்திருந்தது.

இப்போது சிரித்துக்கொண்டிருந்தது.

கடைசி வரிசையில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் எழுந்து நின்று கத்தினான்.

“யப்பா, அந்த ஆம்புலன்ஸ அனுப்பி வுடுங்கப்பா! டிரைவராச்சும் வூட்டுக்குப் போய்த் தூங்கட்டும்!”

விசில் பறந்தது. அவளுக்கே சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் படத்தின் ஒலித்தொகுப்பில் அவள் உதவியாளர். முதல் படம்.

காது கிழிந்தால் பயம் தானாக வரும் என்பது இயக்குநரின் கணக்கு. பேய் தலையைக் காட்டும் இடமெல்லாம் இடி, உறுமி, அலறல். ஒரே ஒரு காட்சியை மட்டும் அவள் கேட்டு வாங்கியிருந்தாள். அதில் இசை வேண்டாம் என்றாள். இசையமைப்பாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இயக்குநர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஜனங்கள் சிரித்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

அந்தக் காட்சி வந்தது.

படுக்கையறை. கண் விழித்துப் படுத்திருக்கும் பெண். தலைக்கு மேல் மின்விசிறி.

சுற்றுக்கு ஒரு ‘டக்’.

அவ்வளவுதான். எண்ணெய் காணாத மின்விசிறி. எல்லார் வீட்டிலும் ஓடுவதுதான். அவள் தன் வாடகை அறையில் மல்லாந்து படுத்துப் பதிவு செய்தது.

டக். டக்.

“ஆப்பரேட்டரே, சவுண்டு போச்சுய்யா!”

மஞ்சள் சட்டையேதான். அரங்கு அதிரச் சிரித்தது.

அவள் இருக்கையில் குறுகிப்போனாள். இடியையே வைத்திருக்கலாம். உறுமியாவது விட்டு வைத்திருக்கலாம். நான் யார் இதையெல்லாம் மாற்றச் சொல்ல?

டக். டக். டக்.

சிரிப்பு தானாக வடிந்தது. சிரிக்கப் புதிதாக எதுவும் திரையில் நடக்கவில்லை.

பிறகு அந்த ஓசை நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

எது மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதோ மாறிவிட்டது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

பாப்கார்னை அள்ளிய ஒரு கை, வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

முன்வரிசைப் பெண் தரையில் இருந்த கால்களை மெல்ல எடுத்து இருக்கைமேல் மடித்துக்கொண்டாள்.

பெரியவர் ஒருவர் அண்ணாந்து, அரங்கின் கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறியே கிடையாது.

அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அலுப்பில் அடங்கிவிட்டார்களோ? தூங்கிவிட்டார்களோ? வரிசை வரிசையாகச் செல்போன் வெளிச்சத்தைத் தேடினாள்.

ஒன்றுகூட இல்லை.

திரையில் அந்தப் பெண் மூச்சை அடக்கினாள். அரங்கும் அடக்கியது.

பேய் வரவில்லை. கடைசிவரை வரவேயில்லை. காட்சி முடிந்தது.

அடுத்த காட்சியில் இடி இடித்தது, உறுமி முழங்கியது, பேய் பல்லைக் காட்டிக்கொண்டு குதித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மின்விசிறி இருக்கிற அறையா என்று மட்டும் பார்த்தார்கள்.

எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்போது கடைசி வரிசையில் மஞ்சள் சட்டை எழுந்தது.

போகிறானா? பாதியில் எழுந்து போகிறானா?

அவன் வாசல் பக்கம் திரும்பவில்லை. படிகளைத் தொட்டுத் தொட்டு இறங்கி, அவள் வரிசையருகே வந்து நின்றான். திரை வெளிச்சத்தில் நெற்றி வியர்வை பளபளத்தது.

“அக்கா, பின்னாடி ஏசி ரொம்ப ஓவரா அடிக்குது. இங்க உக்காந்துக்கட்டா?”

பக்கத்து இருக்கையில் இருந்த கைப்பையை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி, நின்றிருந்தார்கள்.